கறுப்பு மூலை

மன்னாரில் கம்பியூட்டர் கடை வைத்திருந்த றோஸ்மேரிக்கு அந்தக் கிழமை ஏழு நாளும் மண்டை குழம்பிப்போய்க் கிடந்தது. யுத்தநிறுத்தக் காலம். இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்திருந்த, அண்ணன் முறைக்கு அவள் ‘நானா’ என்று கூப்பிடும் இரும்புக்கடை ஜுனைதீனோடு ஞாயிறு பின்னேரங்களில் செஸ் விளையாடுவாள். கடைசி ஆட்டம் முடியாமல் நின்றது. அவளிடம் ராசா, வெள்ளைக் கட்டங்களில் ஓடும் ஒரு பிஷப், பலகையின் ஓரத்தில் ஒரு சிப்பாய். அவரிடம் மூலையில் ஒதுங்கிய ராசா மட்டும்.

“சமன் எண்டு விடுவம், தங்கச்சி.”

“என்ன நானா, வெல்லுற ஆட்டத்தை விடச் சொல்லுறீங்களோ?”

கடைக்கு வந்து காய்களைக் கம்பியூட்டரிலிருந்த செஸ் புரோகிராமில் அப்படியே அடுக்கினாள். அவள் நன்றாக முந்தி நிற்பதாகப் புள்ளி காட்டியது. இரண்டு பக்கத்தையும் அதையே விளையாட விட்டாள். ஜுனைதீனின் ராசா மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக நகர்ந்துகொண்டே இருந்தது. பிஷப் வீணாகச் சுற்றியது. புள்ளி இறங்கவுமில்லை, வெற்றி வரவுமில்லை.

இதைக் கேள்விப்பட்டு, கொழும்பிலிருந்த மச்சாள் செலீனா ஒரு சிடி அனுப்பினாள். காய்கள் குறைந்த நிலைகளின் முடிவுகளையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சிடி. போட்டதும் புள்ளி சைபராகியது, அதாவது ஆட்டம் சமன். றோஸ்மேரி உடனே போன் எடுத்தாள்.

“சிப்பாய் ராணியாகிற மூலை கறுப்புக் கட்டமடி. உன்ர பிஷப் அங்க எட்டாது. மூலையில நிக்கிற அவற்ற ராசாவைக் கலைக்க ஏலாது” என்றாள் செலீனா.

“அப்ப ஏன் முதல்ல வெல்லுறன் எண்டது?”

“அது உன்ர காயை எண்ணிப்போட்டுச் சொன்னது. இந்தச் சிடி முடிவிலயிருந்து பின்னால எண்ணி வந்தது.”

ஒரே மெஷின், ஒரே பலகை. றோஸ்மேரிக்குப் பாதிதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஜுனைதீனிடம் போய் ஒப்புக்கொண்டாள். “சைபராம் நானா. நீங்கள் சொன்னதுதான் சரி.”

அவர் சிரித்தார். “நான் என்னத்தைக் கண்டன்? மஃரிப் தொழுகைக்கு நேரமாச்செண்டு சொன்னனான். சமன்தானே, சும்மா விளையாடிப் பாப்பம்.”

மூலைக்குள்ளேயே நடந்து சலித்தவர், ராசாவை ஒரு கட்டம் கூடுதலாக வெளியே விட்டார். அவளுடைய பிஷப் திரும்பிப் போகும் வழியை மறித்தது. சிப்பாய் மேலே ஏறி ராணியாகியது.

“சைபர் எண்டு சொன்னியே?”

“மூலையை விட்டு வராட்டித்தான் போல...” என்று இழுத்தாள். வென்றவள் அவள்தான். ஆனாலும் கம்பியூட்டர் சொன்னது சரியா பிழையா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஜுனைதீன் தன் ராசாவைத் தூக்கி மூலையில் வைத்தார். “சிப்பாயைப் பின்னுக்கு எடு. இந்த முறை வெளிக்கிட மாட்டன்.”