பெல்ட்டின் கடைசி முழம்

...சேசிஸ் நம்பரும் சரியாகத்தான் இருக்கிறது, பதிவுப் புத்தகத்தில் உள்ளதும் வண்டியில் பொறித்திருப்பதும் ஓர் எழுத்துகூட மாறவில்லை, இனி எதைத்தான் குறை சொல்வது என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள், மடியில் பல் டாக்டர் கொடுத்துவிட்டுப் போன சர்வீஸ் ஃபைல். ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவள், ஒரு ஃபைலைப் புரட்டினாலே அந்த நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவரா, டாக்டரிடம் தலையை ஆட்டிவிட்டு வீட்டில் போய் ஏமாற்றியவரா என்று சொல்லிவிடுவாள், இந்தக் காரோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் சர்வீஸுக்குப் போயிருக்கிறது, ஓடிய கிலோமீட்டர் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகிறது, எங்கேயும் பின்னால் இறங்கவில்லை... விற்கிறவர் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், அதனாலோ என்னவோ நாலு கதவையும் அவரே திறந்து வைத்து, "நல்லாப் பாருங்க, அவசரமே இல்ல" என்று மாடியிலிருக்கும் கிளினிக்குக்குப் போய்விட்டார். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள், சரி, பார்க்க வேண்டாம், ஆனால் கார்மூலம் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் போன மாதம்வரை வீட்டு வாசலிலேயே ஒரு சாட்சி நின்றுகொண்டிருந்தது.

வம்பன். அந்தப் பழைய காருக்கு அவள்தான் அப்படிப் பெயர் வைத்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கணவர் அதை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார், ஸ்கூலில் பி.டி. மாஸ்டர், கழுத்தில் விசில்கூடக் கழற்றவில்லை, "நாலே வருஷம் ஓடின வண்டி, கண்ணாடி மாதிரி இருக்கு பாரு"... கண்ணாடிதான், இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடும், நினைத்துக்கொண்டால் ஹாரன் அலறும், ஒருதடவை துக்கம் விசாரிக்கப் போன வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் அலறியதில், அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். ஏங்க இது இப்படி என்று கேட்டால், வயசாச்சில்ல என்பார். நாலு வயசுக் காருக்கு என்ன வயசு? கடைசியில் எடைக்குப் போட்ட அன்றைக்கு, இந்தத் தடவை நீயே பார்த்து வாங்கு, நான் வாயே திறக்க மாட்டேன் என்று கையைத் தூக்கிவிட்டார், அவள் லைசென்ஸ் வாங்கியே நாலு மாதம்தான், இதில் ஏமாந்தால் இனி சாகும்வரை வம்பனை வைத்து அவரைக் கேலி செய்யும் உரிமை போய்விடும், அதைவிட, தன் கண்ணையே தான் நம்ப முடியாமல் போய்விடும், அந்தப் பயத்தில்தான் ஒரே ஃபைலை மூன்றாம் தடவையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கூட்டி வந்த மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் ஓகேக்கா, கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்று பக்கத்து சீட்டின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார், அவ்வளவு நீளம் உள்ளே இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. "வெள்ளத்துல முங்கின வண்டின்னா சீட்டை மாத்துவாங்க, கார்பெட்டை மாத்துவாங்க, சென்ட் அடிப்பாங்க, இதை மட்டும் மறந்துருவாங்க. கடைசி முழத்துல சேறு கோடு போட்டு நிக்கும். இது பாருங்க, சுத்தம்." முங்கின வண்டி என்றால் அப்புறம் என்ன ஆகும் என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். "ஒயரெல்லாம் உள்ளயே அரிச்சுப் போயிரும்க்கா. ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு ஓடும், ஹாரன் தானா அடிக்கும், பேய் புடிச்ச மாதிரி." சொல்லிவிட்டு இழுத்த பெல்ட்டை அவள் கையில் கொடுத்து, கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

அப்படியென்றால் வம்பன்... வம்பனின் பெல்ட்டை அவள் ஒருநாள்கூடத் தன் கையால் இழுத்ததில்லையே. ஏறி உட்கார்ந்ததும் கணவர்தான் சுற்றி வருவார், குனிவார், அளவாக இழுத்து மாட்டிவிடுவார், "போதும், அதுக்கு மேல இழுக்காத, சிக்கிக்கும்" என்பார், பதினோரு வருஷம், அதை நாத்தனார் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டாளே, உங்க அண்ணன் எனக்கு பெல்ட் போட்டுவிடாம வண்டியை எடுக்கமாட்டார் என்று... அப்புறம் அவளுடைய பெரியண்ணன், நூற்றிருபது கிலோ, அவருக்கு மாட்ட வேண்டுமானால் பெல்ட்டை முழுதாக இழுக்க வேண்டும், அவரை ஏன் எப்போதும் பின்சீட்டில் உட்கார வைத்தார், ஏசி காத்து மச்சானுக்கு ஒத்துக்காது என்று? அண்ணனுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாமல் எப்போது இருந்தது? சேச்சே, என்ன நினைப்பு இது, ரெக்கார்டு அறை புத்தி. போன் அடித்தது. அவர்தான். பார்த்தாச்சா என்றார், பார்த்தாச்சுங்க என்றாள், அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெல்ட்டை... முழுசா இழுத்துப் பாக்கச் சொன்னியா?"

"பாத்தாச்சு. சுத்தமா இருக்கு." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, மைதானத்தில் நூறு பையன்களை ஒரு விசிலில் நிறுத்துகிற மனுஷனிடமிருந்து அப்படி ஒரு மூச்சு, அப்ப வாங்கிடும்மா என்று வைத்துவிட்டார். கேட்டிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. முங்கின வண்டி என்று வாங்கும்போதே தெரியுமா, வாங்கிய பிறகுதான் ஒருநாள் இழுத்துப் பார்த்துவிட்டுத் தனியாக நின்றாரா, பாவம், யாரிடம் சொல்லியிருப்பார்... கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை, சிரிப்புதான் வந்தது, கார் தன்னுடையதாகப் போகிற சந்தோஷமும் கூடச் சேர்ந்துகொண்டது. கையெழுத்துப் போட மாடிக்குப் போக வேண்டும். பெல்ட்டை மெல்ல உள்ளே விட்டாள், அது சரசரவென்று சுருண்டுகொண்டது, சரி, பதினோரு வருஷம் சேற்றை மறைக்கத்தான் மாட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் வம்பனை எடைக்குப் போட்டபிறகு, போன ஞாயிற்றுக்கிழமை, வாடகைக் காரில், முன்பின் தெரியாத டிரைவருக்கு முன்னால் குனிந்து அவளுக்கு பெல்ட் மாட்டிவிட்டாரே... அந்த பெல்ட்டில் மறைக்க என்ன இருந்தது?