சூனியக்காரியின் முகம்

புதுப் புத்தகத்தைப் பிரித்ததும் பிள்ளைகள் படங்களுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தைய மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. காஜா பெராங் பகுதியில் கமலவேணியின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கணவர் கலியாணசுந்தரம் தமிழ்ப்பள்ளி வாத்தியார். அந்தப் புத்தகத்திலிருந்த கதை விளையாட்டை எழுதியது அவர்தான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் மாலுமி, இளவரசி, சூனியக்காரி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்ட வேண்டும். வெறும் எழுத்தாக வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கமலவேணி படம் வரைந்து கொடுத்த பிறகுதான் அச்சகத்துக்காரர் அச்சிடச் சம்மதித்தார்.

வரைந்த நாட்களில் சூனியக்காரிக்கு மட்டும் முகம் அமையாமல் இருந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த சலவைக்காரி பூங்காவனத்தை ஜன்னல் வழியே பார்த்தாள். துருத்திய பல், பாதி மூடிய இடக்கண். பென்சில் தானாக ஓடியது. "எங்கியோ பாத்த முகமா இருக்கே" என்றார் கணவர். "யாருமில்ல, சும்மா வரைஞ்சேன்" என்றாள்.

இப்போது பிள்ளைகள் புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கையில், வெளுத்த துணிகளோடு பூங்காவனம் கூடத்துக்குள் வந்தாள். எதிர்வீட்டு சீதா புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "பூங்காவனக்கா, இது நீங்கதான?"

பூங்காவனம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வாசிக்கத் தெரியாதவள். முகம் மலர்ந்தது. "நாந்தான். என்னைக்கூட ஒருத்தர் வரைஞ்சிருக்காங்களே. இதுல நான் யாரு, வாத்தியாரம்மா?"

கமலவேணி முந்திக்கொண்டு சொன்னாள். "மருந்துக்காரி. மூலிகை குடுத்து எல்லாரையும் காப்பாத்துறவ."

"இல்லயே" என்று சீதா எட்டிப்பார்த்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். "சூனியக்காரி. பிள்ளைகளைப் பிடித்துத் தின்பவள்."

பூங்காவனம் புத்தகத்தை மூடிப் பாயில் வைத்தாள். "துணிய எங்க வைக்கட்டும்?"

"அங்கயே வச்சிடுங்க" என்றாள் கமலவேணி.

மறுநாள் கமலவேணி சூனியக்காரியின் இடத்தில் தன் முகத்தையே வரைந்து எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினாள். புத்தகங்கள் தெங்கேரா தெருக் கடைகள்வரை போய்விட்டன என்றார்கள். அங்கிருந்து நேராகக் கிணற்றடிக்குப் போனாள். வழியெல்லாம் யோசித்து வைத்த மன்னிப்பு, நிமிர்ந்து பார்த்த அந்தக் கண்ணைக் கண்டதும் மறந்துபோனது. கையிலிருந்த தாளையும் நீட்ட முடியவில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு, வாத்தியாரம்மா" என்றாள் பூங்காவனம். "அச்சு அசலா நானேதான். அதான் ஒரு மாதிரியா இருக்கு."

சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசினாள். மறு கையில் பாதி பிழிந்த சட்டை. அதன் தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது.