தும்மல் வேணு

"எழுந்திரு நைனா. போதும். என் மானத்த வாங்காத."

சுஜாதா அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கம்பெனி வேனை விட்டு இறங்கிய கையோடு நேராக இங்கேதான் வந்திருந்தாள். கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில், பரசுராமன் டீக்கடைப் பெஞ்சில், வேணு மல்லாந்து கிடந்தார். கைகள் மார்பின்மேல் சேர்ந்திருந்தன. கால் கட்டைவிரல்கள் ஒட்டியிருந்தன. கண்ட இடத்தில் படுத்துக்கொள்ளாதே என்று நேற்றுதான் அவரோடு சண்டை போட்டிருந்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

"இன்னிக்கி ரொம்ப நேரமா படுத்துகினு கீறார்மா," என்று பரசுராமன் சிரித்தார். "சித்தூர்க்காரங்க நாலு பேரு கேட்டாங்க, படுத்தார். அவங்க பஸ்ஸே வந்து ஏறிப் பூட்டாங்க. இவரு தும்மவே மாட்டேன்றார்."

பெஞ்சின் ஓரத்தில் வேணுவுக்கென்று ஒரு டீ இருந்தது. பிணமாகப் படுத்து எழுந்தால் உடனே சூடாக ஒரு டீ குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பலித்துவிடும் என்பது அவருடைய சாஸ்திரம். டீயின்மேல் ஆடை கட்டியிருந்தது.

இந்தப் பிணத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. கல்யாணமான புதிதில் வேணு திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கிற படம். ஊர் சுற்றும் மூன்று மகன்களுக்கு ஓர் அப்பா உழைப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே இருப்பார். சாவு வீட்டுக் காட்சியில் பிணமாகப் படுக்க வேண்டிய நடிகர், தலைமாட்டு விளக்கைப் பார்த்ததும் அபசகுனம் என்று நழுவிவிட்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வேணுவைப் பிடித்துப் படுக்க வைத்தார்கள். அப்பா வேஷக்காரர் பிணத்தைக் காட்டி மகன்களிடம் சொல்வார்: "எந்த வேலையா இருந்தாலும் ஆசப்பட்டுச் செய்யணும். உயிரக் குடுத்துச் செய்யணும். இவரப் பாருங்கடா!" அந்த நேரம் பார்த்து மாலையிலிருந்து ஒரு பூ பிணத்தின் மூக்கில் விழும். பிணம் தும்மும். சாவு வீடே தலைதெறிக்க ஓடும்.

ஊரெல்லாம் சிரித்தது. வேணு மட்டும் பாடத்தைக் கேட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அவர் கரும்புக் கத்தியைத் தொடவில்லை. அதை அவர் மனைவி கோவிந்தம்மாள் எடுத்துக்கொண்டாள். அவர் திருத்தணியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஸ்டுடியோ வாசல்களில் நின்றார். ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. ஊரில் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். காதுகுத்து, சீமந்தம், ஆடிக்கிருத்திகைக் கூட்டம் என்று யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும் படுத்தார், தும்மினார். பள்ளிக்கூடத்தில் சுஜாதாவுக்குப் பொணத்துப் பொண்ணு என்று பெயர். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஆசைப்பட்டபோது, பஜ்ஜித் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே படுத்துக் காட்டினார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அதே கோபத்தில்தான் கடையிலிருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து அவர் முகத்தில் கவிழ்த்தாள். கூட்டம் கைதட்டியது. தண்ணீர் மூக்கில் ஏறியது. திறந்திருந்த வாயில் நிறைந்தது. உள்ளே இறங்காமல் விளிம்போடு அப்படியே நின்றது.

சுஜாதா ஜக்கைக் கீழே போட்டாள். கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரமானது.

ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கோவிந்தம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி ஓரமா போடு. பசிச்சா எழுந்துப்பார்."

"யம்மா, நெசமாவே போயிட்டார்மா."

"எத்தினி வாட்டி நெசமா போவாரு உங்க நைனா?"

தட்டிலிருந்ததைத் தின்று முடித்து, கை கழுவிவிட்டுத்தான் எழுந்து வந்தாள். புருஷன் நெஞ்சில் காதை வைத்தாள். வைத்த காதை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

"கடைசீல ஒயுங்கா செஞ்சிட்டார்," என்றாள்.

மறுநாள் காலை சுஜாதாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பாடை தெருமுனை தாண்டும்வரை யாரும் சிரிக்கக் கூடாது. சாகும்போது சிரித்துவிட்டார்கள். செத்த பிறகாவது சும்மா இருக்கட்டும். ஆனால் டீக்கடை வீடியோ சாவுச் செய்திக்கு முன்னாலேயே ஊர் சுற்றிவிட்டது. அவள் புருஷன் டில்லிபாபு வாசலில் நின்று, "ஆங், அதே வீடியோதாங்க. ஆங், எங்க மாமனார்தான்," என்று ஒவ்வொரு போனுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வந்தவர்கள் மாலை போட்டுவிட்டு மூக்கையே பார்த்தார்கள். கட்டிப்பிடித்து அழுத பெண்களுக்கும் ஒரு கண் அங்கேதான் இருந்தது. சுஜாதா தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்துக்குப் பக்கத்தில் விழும் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அப்பால் போட்டாள்.

"உயிரக் குடுத்து நடிக்கணும்னுவாரு பெரிப்பா," என்றான் பங்காளி விஜயன். "குடுத்துட்டார் பாரு." சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்டதா என்று சுற்றிலும் பார்த்தான். இரண்டு பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சிரிக்கிறவங்க வெளிய போயி சிரிங்க!" சுஜாதா கத்தினாள். "எங்க நைனா செத்துட்டார். நெசமாவே செத்துட்டார்!"

அந்த 'நெசமாவே'யைத் தாங்க முடியாமல் ஒருவர் எழுந்து வெளியே ஓடினார்.

மனதார அழுதவர் பரசுராமன் ஒருவர்தான். ராத்திரி முழுக்க அழுது மூக்கு அடைத்துப் போயிருந்தது. "டீயப் போட்டு வெச்சிட்டு சிரிச்சிகினு நின்னேனேம்மா, பாவி," என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கடையிலிருந்து ஆவி பறக்க ஒரு டீ கொண்டுவந்து பிணத்தின் தலைமாட்டில் வைத்தார். சுஜாதா தடுக்கவில்லை.

சாங்கியம் முடிந்து பாடையில் கிடத்தினார்கள். முன்பக்கக் கொம்புக்கு நான்தான் வருவேன் என்று பரசுராமன் அடம்பிடித்துத் தோள் கொடுத்தார். தூக்கிய வேகத்தில் பாடை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மாலையிலிருந்து ஒரு சாமந்தி உருண்டு வந்து வேணுவின் மூக்கின்மேல் உட்கார்ந்தது.

மேளம் நின்றது. ஒப்பாரி நின்றது. தெருவே அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோவிந்தம்மாள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பூவை எடுக்க நீண்ட சுஜாதாவின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. தும்மிடு நைனா, என்று மனசுக்குள் கெஞ்சினாள். இந்த ஒரு வாட்டி தும்மிடு. ஊரே சிரிக்கட்டும், நானும் சிரிக்கிறேன். இனிமேல் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

சாம்பிராணிப் புகை கலைந்து பாடையைச் சுற்றியது.

தும்மல் வந்தது. கணீரென்று, சினிமாவில் வந்தது மாதிரியே.

பெண்கள் அலறினார்கள். மேளக்காரர் ஒருவர் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினார். முன்பக்கக் கொம்பின் கீழே பரசுராமன் மூக்கைத் துடைக்கக் கையில்லாமல் திருதிருவென்று விழித்தார். "நான்தாங்க," என்றார் அழுகையோடு. "மன்னிச்சிக்கோங்க, நான்தாங்க."

சாவு வீடு வெடித்துச் சிரித்தது. விஜயன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யாருடைய சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது என்று திரும்பிப் பார்க்கப்போன சுஜாதா, அது தன்னுடையது என்று கண்டாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். டில்லிபாபு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பாடை தெருவில் இறங்கி, சிரிப்பில் குலுங்கும் தோள்களின்மேல் ஆடி ஆடிப் போனது. சாமந்தி மூக்கின்மேல் அப்படியே இருந்தது.

ஆண்கள் தெருமுனை திரும்பினார்கள். பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். கோவிந்தம்மாள் உள்ளே போய், தலைமாடு இருந்த இடத்திலிருந்து டீயை எடுத்துவந்து மகளிடம் நீட்டினாள்.

"குடி. தொண்ட காஞ்சிப் பூட்டிருக்கும்."

சுஜாதா வாங்கிக் குடித்தாள். டீ ஆறிப்போயிருந்தது. ஆடை உதட்டில் ஒட்டிக்கொண்டது.