முழு இன்ஸ்டலேஷன்

மகள் மாளவிகா வாட்ஸப்பில் அனுப்பிய பிழைப் பதிவின் இரண்டாவது பத்தியிலேயே கோமதிநாயகத்துக்கு விடை தெரிந்துவிட்டது. அவள் ஆய்வேட்டைப் பக்கம் கட்டுகிற மென்பொருளில் ஒரே ஒரு பேக்கேஜ், அதாவது துணை நிரல், இல்லை. கிலோகிராம், மோல் என்கிற அலகுகளை எண்ணுக்குப் பக்கத்தில் ஒழுங்காக நிறுத்துகிற சின்ன சமாச்சாரம். ஒரு வரி கட்டளை அடித்தால் இரண்டு நிமிடத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். திருவனந்தபுரத்தில் ஒரு டைப்செட்டிங் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் வெளிநாட்டுக்காரர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை லேடெக் என்கிற அந்த மென்பொருளில் பக்கம் கட்டி, போன வருஷம் ஓய்வுபெற்றவருக்கு இது வாழைப்பழம் உரிக்கிற வேலைதான்.

ஆனால் விடையைச் சொல்லிவிட்டால் மகள், "சரிப்பா, வைக்கட்டா?" என்பாள். அதுதான் சங்கடம். மனைவி விஜயலக்ஷ்மி இறந்துபோன இந்த மூன்று வருஷத்தில் மாளவிகா குவாஹாத்தியிலிருந்து தானாகக் கூப்பிடுவது லினக்ஸ் தகராறு பண்ணும்போது மட்டும்தான். அவள் கணினி ஒழுங்காக ஓடுகிற மாதங்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. போன வாரம் அவளுடைய லேப்டாப் செத்துப்போய், தோழியின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டாள் என்று கேட்டதும், வெளியே "அடடா" என்றாரே தவிர, உள்ளே அவருக்குக் குளிர்ந்துதான் போனது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மணி பத்தரைதான் ஆகிறது. நேரம் தாராளமாகக் கிடக்கிறது என்று தோன்றியது.

"அது பாத்தியா மோளே, ஒண்ணொண்ணாப் போட்டா அடுத்தது இல்லேன்னு கேட்டுட்டே இருக்கும். இருக்கிற பேக்கேஜ் எல்லாத்தையும் முழுசாப் போட்டிருவோம். பின்னே ஒரு தொந்தரவும் வராது."

"அது கொறே நேரம், மணிக்கணக்கா ஆகுமே அப்பா?"

"சாரமில்லை, ஆகட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

இது முழுப் பொய்யும் இல்லை. அப்படிச் சொல்கிற ஆட்கள் உண்டு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறவர்களும் இருக்கத்தானே செய்கிறார்கள்.

ஜிபி கணக்கில் இறங்க ஆரம்பித்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டார். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் சிதறும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அங்கே மழையா என்று கேட்டார். ஆமாம் என்றாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பிரட். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாரில் சர்க்கரை அள்ளிப் போடுகிறார்கள் என்று அவளே சொல்லி, சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு விஜயலக்ஷ்மியினுடையது, மூக்கால் தொடங்கி வாய்க்கு வருவது. பேச்சு நின்ற இடங்களிலும் அவருக்குக் குறையொன்றும் இல்லை. அவளுடைய மின்விசிறியின் கடகடப்பு கேட்டது, அவள் தண்ணீர் குடிப்பது கேட்டது. காலையில் போட்ட காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. எழுந்து போக மனம் வரவில்லை.

ஒன்றரை மணிக்குக் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"அப்பா, டிஸ்க் ஃபுல்லுன்னு வருது. ஸ்கிரீன் அப்படியே நிக்குது."

அணைத்துப் போடச் சொன்னார். மறுபடி பாஸ்வேர்டு கேட்கிற திரை வந்தது. அதைத் தாண்டி உள்ளே விட மறுத்தது. அது தோழியின் லேப்டாப், முக்கால்வாசி விண்டோஸ். லினக்ஸுக்கு ஒரு மூலையைத்தான் ஒதுக்கியிருந்தாள். எவ்வளவு இடம் இருக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பயல்கூட முதலில் கேட்பான். அவர் கேட்கவில்லை.

"ஒரு பேக்கேஜ்தானே இல்லேன்னு சொல்லிச்சு?" மாளவிகாவின் குரல் மாறியிருந்தது. "அதை மாத்ரம் போட்டாப் போராதா?"

"போதும்."

"பின்னே எதுக்கு அப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கொஞ்ச நேரம் பேசிட்டிருக்கலாமேன்னு…"

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அறுபத்தொரு வயது ஆள், பெற்ற மகளின் ஐந்து வருஷ உழைப்பில் கையை வைத்துவிட்டோமே என்றிருந்தது.

"மணி ரெண்டாகப் போகுது அப்பா" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஃபைல் எல்லாம் ஆன்லைன் டிரைவ்ல இருக்கா? போன்லேர்ந்து எனக்கு ஷேர் பண்ணு. இங்கேயே ஓட்டி பிடிஎஃப் அனுப்பறேன்."

சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

கோப்புகள் வந்தன. அவருடைய கணினியில் சண்டித்தனம் இல்லாமல் ஓடியது. இருநூற்றுப் பதினான்கு பக்கம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நான்காம் அத்தியாயத்தில் ஒரு அட்டவணை ஓரத்தைத் தாண்டியிருந்தது, உள்ளே இழுத்தார். கடைசியில் பழக்கதோஷத்தில் முன்பக்கங்களின் மூலக்கோப்பையும் திறந்தார்.

மூன்றாம் பக்கச் சமர்ப்பணத்தில் 'என் அம்மாவுக்கு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே இன்னொரு வரி, 'அப்பாவுக்கும்'. அந்த இரண்டாவது வரியின் முன்னால் ஒரு சதவீதக் குறி.

லேடெக்கில் ஒரு வரிக்கு முன்னால் சதவீதக் குறி போட்டால் இயந்திரம் அந்த வரியைக் காணாததுபோல் தாண்டிப் போய்விடும். அச்சில் வராது, கோப்பில் இருக்கும். அழிக்கவும் மனம் வராமல் வைக்கவும் மனம் வராமல் எழுதுகிறவர்கள் செய்வது அது. ஏன் என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விஜயலக்ஷ்மி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் மாளவிகாதான் கூட இருந்தாள். அவர் ஆபீஸில் ஏதோ ஒரு பத்திரிகையின் சிறப்பிதழுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். கடைசி புரூஃபை ஏற்றிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

விரல் பேக்ஸ்பேஸ் விசைமேல் போய் உட்கார்ந்தது. ஒரு தட்டு. ஒரே ஒரு குறி. அவளும் அவசரத்தில் பார்க்க மாட்டாள். பார்த்தாலும் குறியைத் தானே எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள்.

எழுதியவரின் சொல்லில் கை வைக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். கமாவானாலும் சந்தேகம் வந்தால் ஓரத்தில் 'ஆசிரியருக்குக் கேள்வி' என்று குறித்து அனுப்ப வேண்டும். ஒரு கமாவைத் தானாகத் திருத்திய பெண்ணை அவர் ஒருமுறை அழவே வைத்திருக்கிறார். இந்தக் கேள்வியை எப்படிக் குறித்து அனுப்புவது? 'மோளே, மூன்றாம் பக்கம்' என்று அடித்தார். அடித்ததை அழித்தார். மூன்றே முக்காலுக்கு, "அப்பா, ஆச்சா?" என்று செய்தி வந்தது. அவர் விரலை எடுத்துவிட்டு, கோப்பு இருந்தபடியே பிடிஎஃப்பை அனுப்பினார்.

நாலரைக்குப் பதில் வந்தது. "சப்மிட் பண்ணியாச்சு."

அவர் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது.

மேசைக்குத் திரும்பி பிடிஎஃப்பின் மூன்றாம் பக்கத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். ஒரு வரி விட்டுப்போன இடமாவது தெரிகிறதா என்று பார்த்தார். இயந்திரம் அந்த வரியின் இடத்தையும் எடுத்துக்கொண்டு, மேலும் கீழும் வெள்ளையைச் சமமாகப் பங்கிட்டு, 'என் அம்மாவுக்கு' என்பதை மட்டும் பக்கத்தின் நட்டநடுவில் அழகாக நிறுத்தியிருந்தது.