இரவல் ரத்தக்குழாய்

காலையிலிருந்தே வயிறு கூப்பாடு போட்டது. கல்லீரல் மாற்றுச் சிகிச்சை முடிந்து நாலு நாளாகி, இனிமேல் சாப்பிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் அந்தச் சுமைத்தொழிலாளி தட்டைத் தொடவில்லை. இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டார். பெண்டாட்டி கெஞ்சி ஓய்ந்தாள்.

லாரியில் மூட்டை கட்டுகிறவன் ஒட்டுப்போட்ட கயிற்றை நம்பமாட்டான். தன் வயிற்றுக்குள்ளேயும் ரத்தக்குழாயை ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும், இந்த உடம்பில் பாரமே ஏற்றுவதில்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

ஈரலில் பாதிக்குமேல் வெட்டிக் கொடுத்த மச்சான், பெண்டாட்டியின் தம்பி, வயிற்றைப் பிடித்தபடி சக்கர நாற்காலியில் வந்தான்.

"என்ன மாமா, என் ஈரலைப் பட்டினி போட்டே கொல்றீங்களாம்?"

"போடா. நீ கொடுத்ததாச்சே, அதுவும் சோம்பேறியாத்தான் இருக்கும்."

பின்னாலேயே ஸ்கேன் மெஷினோடு டாக்டரம்மா நுழைந்தார். சங்கதியைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க மச்சான் ஈரலை வெட்டினப்போ, ரத்தம் வெளிய போற ரெண்டு கிளை பாதியில அறுந்து நின்னுச்சு. அப்படியே விட்டா ரத்தம் தேங்கி ஈரல் வீங்கிடும். அதான் வேற ஒரு குழாயை நடுவுல வெச்சுத் தச்சோம். இது பாரம் தாங்குற கயிறு இல்லங்க, வாய்க்கால். ஓடிட்டே இருக்கணும். நீங்க இப்படிச் சாப்பிடாம கட்டையாட்டம் கிடந்தா ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும். அப்புறம் மறுபடி வயித்தைத் திறக்கணும்."

சுமைத்தொழிலாளியின் முகம் வெளுத்தது. "அடைச்சிருச்சா?"

டாக்டரம்மா கருவியை விலாவோரம் அழுத்தினார். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷினிலிருந்து காற்று வீசுவதுபோல ஒரு இரைச்சல் கிளம்பியது.

"நல்லா ஓடுது. இப்ப இருமுங்க."

தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினார். உயிர் போகிற வலி. ஆனால் எதுவும் அறுந்துவிடவில்லை. அடுத்த நொடியே தட்டை இழுத்தார். மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார்.

"மெதுவா மாமா! தட்டையாவது விட்டுவையுங்க."

வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் குழாயும் இவனோடதுதானா?"

"இல்ல. இறந்துபோன ஒருத்தரோடது. வீட்டுக்காரங்க மனசு வெச்சுக் கொடுத்தாங்க, உறையவெச்சுப் பத்திரப்படுத்தியிருந்தோம். யாருன்னு நான் சொல்லக்கூடாது."

மச்சானுக்குப் பட்ட கடனை ஆயுசு முழுக்கத் திட்டித் திட்டியே கழிக்கலாம். ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். முகம் தெரியாத அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். அது இன்னும் பாக்கி.