காலி நாற்காலி

சுந்தரராஜ் தன்னை அடையாளம் கண்டுகொள்வானோ என்று முதல் நாள் விஜிலா பயந்தாள். அந்தப் பயம் வீண். தன் படகில் செத்தவனின் அடக்கத்துக்கே வராத முதலாளிக்கு, செத்தவனுடைய தங்கச்சி முகம் எப்படித் தெரியும்?

சமூகப்பணிப் படிப்பின் கடைசி வருடக் களப்பயிற்சிக்கு அவளை முத்தையாபுரத்தில் ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தெரிந்த ஆள் சிகிச்சைக்கு வந்தால் உடனே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. சுந்தரராஜ் அங்கே வந்து சேர்ந்தபோது அவள் சொல்லவில்லை.

அண்ணன் ஜெரால்டு சங்கு குளிக்கிறவன். மூச்சுக் காற்றுக்குப் படகில் ஓடும் கம்ப்ரசரின் டியூபை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவான். இடுப்பில் ஒரு கயிறு, மறுமுனை மேலே இருப்பவன் கையில். கயிறு அசைந்தால் தூக்கிவிட வேண்டும். போன வருஷம் அவனைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். குடித்துவிட்டு இறங்கினான் என்று சுந்தரராஜ் கரை முழுக்கச் சொல்லிவைத்தான். சாராய வாசனைகூட ஆகாத பிள்ளை அவன். மீன் வாங்கப் போன இடத்தில் அம்மாவைக் "குடிகாரப் பயலப் பெத்தவா" என்றார்கள். அம்மா அதற்குப் பிறகு மாதா கோயில் பூசைக்குக்கூட வெளியே வரவில்லை.

கை நடுக்கம் நின்ற வாரத்தில், கதவைச் சாத்திய அறைக்குள் சுந்தரராஜே அவளிடம் கொட்டினான்.

"கயிறு எங்கையிலதான் சுத்தியிருந்துச்சு, பிள்ள. நல்ல போதை. வெட்டி வெட்டி இழுத்துச்சு. கிளாஸ் தளும்புதுன்னு கயித்த அவுத்துக் கம்பில கட்டிட்டேன்."

முகத்தை அசைக்காமலிருக்கப் படிப்பு சொல்லிக்கொடுத்திருந்தது. "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு, அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அறைக்குள் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. அதுவும் விதிதான். அவள் சொல்லப்போவதில்லை. அவன் சொல்லுவான்.

குடும்பத்தார் வரும் ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் சங்கு குளிக்கிறவர்களின் வீட்டு ஆட்கள். கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு ஜெபசுதா மேடம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விஜிலா நடுவில் ஒரு காலி நாற்காலியைப் போட்டாள். யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர் அதில் இருப்பதாக நினைத்துப் பேச வேண்டும். வழக்கமான பயிற்சிதான்.

சுந்தரராஜ் முறை வந்தது. அவன் தன் மனைவி முருகேஸ்வரியைப் பார்த்துச் சிரித்தான்.

"நாடகம் போடச் சொல்லுதா இந்தப் பிள்ள. வேசம் கட்டாண்டாமா?"

"கட்டாமலே ஆடுவீயளே!" என்றாள் முருகேஸ்வரி. கூடம் சிரித்தது.

விஜிலா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பயிற்சியில் அது இல்லை.

"நான் ஜெரால்டு. நான் கயித்த இழுக்கும்போது நீங்க என்ன செஞ்சீய, முதலாளி?"

அவன் சிரிப்பு நின்றது. அவள் மூக்கையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தான். அது யாருடைய சாடை என்று அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. வாய் கோணியது.

"ஏலே ஜெரால்டு... நீ குடிக்கலைல. நாந்தாம்ல குடிச்சிருந்தேன். கயித்த நாந்தாம்ல அவுத்தேன்..."

கூடத்தில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். "அடப் பாவி! செத்தவன் மேலயா பழியப் போட்ட?" என்று ஒரு கிழவரின் குரல் கேட்டது. முருகேஸ்வரி கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினாள்.

ஜெபசுதா மேடம் விஜிலாவை வராந்தாவுக்கு இழுத்துப் போய், ஜெரால்டு யார் என்று கேட்டார். "எங்க அண்ணன்" என்றாள்.

"அவன் நோயாளிம்மா. நோயாளிய வச்சுப் பழி தீர்த்திருக்க. நான் உன்னப் பாஸ் போட மாட்டேன், தெரியுதா?"

"போடாண்டாம், மேடம். எங்க அம்ம இனிமே மீன் வாங்கப் போவா."

உள்ளே சுந்தரராஜ் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் காலைப் பிடிக்க வந்தான். "மன்னிச்சிரு, தாயீ."

ஆறுதல் சொல்லத்தான் இரண்டு வருஷம் படித்திருந்தாள். விஜிலா குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நல்லா இருங்க, அண்ணாச்சி. நூறு வயசு வரைக்கும் இருங்க. ஆனா இனி குடிச்சிராதீய. ஒவ்வொரு நாளும் தெளிவாவே இருங்க."