மூடுபனிக்குள் ஒரு கோல்

1

இந்தக் கதை நான் தேடிப்போனதல்ல. தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எனக்குக் கொடுத்தது. வளைவில் பஸ் திரும்பியபோது, கீழே தெரிந்த ஒரு துண்டுத் தரையைக் காட்டி, யாரிடமென்று இல்லாமல் சொன்னார்:

"இந்தக் கிரவுண்டுலதான் நாங்க மேல போனோம்."

மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். "முதலாம் பிரிவுக்குங்க," என்றார், அது தெரியாத ஆளும் உலகத்தில் உண்டா என்பதுபோல. பிறகு இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். பெயரைப் போட வேண்டாம் என்றார். ஆகவே சண்முகவடிவு என்பது நான் வைத்த பெயர். கல்லுமலைத் தோட்டம் என்பதும் அப்படித்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1979ஆம் ஆண்டு மலைநாட்டு உதைபந்தாட்ட லீக்கின் இரண்டாம் பிரிவில் கல்லுமலை வளர்பிறை* விளையாட்டுக் கழகம்..." பத்திரிகைச் செய்திபோல இருந்தது. நிறுத்திவிட்டேன்.

அடுத்து: "வெண்பனி தழுவும் அந்த எழில்மிகு மலைமுகட்டில்..." வேண்டாம். அந்த எழில்மிகு மலைமுகட்டில் அட்டை கடிக்கும்.

மூன்றாவதாக: "பந்து தேயிலைக்குள் விழுந்தது." இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

(* 'வளர்பிறை' என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டேன். "யாரோ. வளரட்டும்னுதான வச்சிருப்பாங்க," என்றார்.)

2

பந்து தேயிலைக்குள் விழுந்தது. சண்முகவடிவு குனிந்து எடுத்தாள். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, ஈரத்தில் ஊறியிருந்தது. கீழே கைகளை விரித்துக்கொண்டு நின்றவன் லோரன்ஸ். வளர்பிறையின் கோல் காப்பாளர்.

"அக்கா, இங்கிட்டுப் போடுங்க!"

வடிவு எறியாமல் ஒரு கணம் அவனையே பார்த்தாள். காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில், இதே லோரன்ஸை, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா எல்லார் முன்னாலும் கிழித்தெடுத்திருந்தார். அவன் கால்விரலைப் பார்த்தபடி நின்றான். இப்போது நிற்பவனும் அவன்தான். ஆனால் நெஞ்சை நிமிர்த்தி, தலையைத் தூக்கி, பின்னால் இருக்கிற மலை முழுக்கத் தன்னுடையது என்பதுபோல நிற்கிறான். மனிதனுக்குள் இப்படி இன்னொரு ஆள் இருக்க முடியுமா?

எறிந்தாள். பந்து தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் வளர்பிறையின் ஆள்.

[ஒரு நண்பர் இதைப் படித்துவிட்டு, "கொழுந்து பறிக்கிற பொம்பளைக்கு உதைபந்தாட்டப் பைத்தியமா? யாரும் நம்பமாட்டார்கள்," என்றார். அவளை ஆணாக மாற்றி எழுதிப்பார்த்தேன். இரண்டாம் பக்கத்திலேயே கதை செத்துப்போனது. மன்னிப்புக் கேட்டு அவளையே திரும்பக் கூப்பிட்டேன்.]

3

லிந்துலையில் ஆட்டம் என்று கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வடிவு கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். புருஷன் செல்லசாமி லயத்து வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"எங்க போற?"

"லிந்துலைக்கு. நம்ம பயலுக ஆடுறாங்க."

"பொம்பள பந்தாட்டம் பாக்கப் போனா லயத்துல சிரிக்கமாட்டாங்களா?"

"சிரிக்கட்டுமே. சிரிச்சா யாருக்குக் காசா பணமா?"

"நான் சிரிச்சா?"

"நீங்க சிரிச்சு எம்புட்டு நாளாச்சு? சிரிங்க, பாத்துட்டாவது போறேன்."

செல்லசாமி நிஜமாகவே சிரித்துவிட்டான். பிறகு எழுந்து, அவளுடைய தேத்தண்ணிப் போத்தலை நிரப்பிக் கொடுத்தான்.

அந்த வருஷம் அவள் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. கூட்டத்தில் பெண் என்று அவள் ஒருத்திதான். முதலில் ஒதுங்கி நின்றாள். மழைக்காலம் வந்தபோது கோட்டுக்கருகில் வந்துவிட்டாள். அடுத்த மாதம் அவள் கத்துவது எதிர்க்கரைக்குக் கேட்டது. வளர்பிறை தோற்றுக்கொண்டே இருந்து, பிறகு சமன் செய்து, பிறகு யாருமே எதிர்பாராதபடி வெல்லத் தொடங்கியது. (இந்த வாக்கியத்துக்குள் எத்தனையோ ஆட்டங்கள் இருக்கின்றன. அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் சொன்னார். ஆனால் பஸ்ஸுக்கும் ஒரு முடிவு இருக்கிறதல்லவா.)

அவளை மலைக்கவைத்தவன் அழகன். ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற பையன். பூட்ஸ் போட்டால் கால் பேசாது என்று வெறுங்காலோடுதான் ஆடுவான். பந்து அவனிடம் வந்தால் கூட்டம் மூச்சை அடக்கிக்கொள்ளும். அவன் ஓடும்போது வடிவுக்குத் தன் உடம்பிலும் ஏதோ ஓடுவது தெரிந்தது. கூடையைச் சுமந்து சுமந்து மரத்துப்போன அந்த முதுகில்கூட.

4

கடைசி ஆட்டம் கல்லுமலையில். எதிரணி டவுன் கிளப். அவர்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். சமன் செய்தாலே போதும், முதலாம் பிரிவு அவர்களுக்கு. வளர்பிறை வென்றே ஆக வேண்டும்.

"அடுத்த வருஷம் பாத்துக்குவோம்" என்று சொல்வதற்கும் வழியில்லை. அழகன் வீட்டுக்கு, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற அரசாங்கக் கடதாசி வந்துவிட்டது. அணியில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஒவ்வொருவராக ரயில் கோச்சி ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தப் பதினொரு பேரும் ஒன்றாக நிற்பது இதுதான் கடைசி என்று எல்லாருக்கும் தெரியும். 

இடைவேளைக்குப் பிறகு பனி இறங்கியது. முதலில் மேட்டுப் பக்கத்துக் கோல் மறைந்தது. பிறகு நடுக்கோடு. பிறகு ஆட்களும் மறைந்தார்கள். நடுவர் விசில் ஊதி, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், விலகாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்றார். இரு பக்கமும் இன்னும் கோல் விழவில்லை. நூற்றுக்கணக்கானோர் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து கால்கள் சேற்றில் அறையும் சத்தம் மட்டும் வந்தது.

வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். பூட்ஸ் அடிகள் டொப், டொப்பென்று விழுந்தன. அவற்றின் நடுவே ஒரு வெறுங்கால் அடி, ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல.

பிறகு ஒன்றுமில்லை.

கோலுக்கு வலை கிடையாது. இரண்டு பக்கமும் மரக்கம்பு, மேலே ஒரு கம்பு, அவ்வளவுதான். அழகன் அடித்த பந்து கோலுக்குப் பின்னால் கானுக்குள் கிடந்தது. கம்புகளுக்கு நடுவே போனதா, வெளியே போனதா? அழகன் சறுக்கி முகங்குப்புற விழுந்திருந்தான், பார்க்கவில்லை. நடுவர் தூரத்தில் இருந்தார், பார்க்கவில்லை. "கோல்!" என்று ஒரு பக்கம், "இல்லை!" என்று ஒரு பக்கம். கைகலப்பாகப் போகிற நிலை.

பார்த்தவன் ஒருவன்தான். டவுன் கிளப்பின் கோல் காப்பாளன்.

5

[இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டுப் பல நாள் சும்மா இருந்தேன். நான் இதை எழுதுவது எண்பத்தாறாம் வருஷம். இடையில் எண்பத்து மூன்று கலவரம் வந்து போயிருக்கிறது. அந்தக் கோல் காப்பாளன் சிங்களவன். இனி வருவதை எப்படி எழுதினாலும் ஒருவர் என்னை முட்டாள் என்பார்.

முதலாவது வழி: அவன் "வெளியே" என்கிறான். வளர்பிறை தோற்கிறது. நம்புவதற்கு எளிது. எழுதியும் பார்த்தேன். வாக்கியங்கள் தாமாகவே வந்து விழுந்தன. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது வழி: பனியைக் காரணம் காட்டி நடுவர் ஆட்டத்தை ரத்துச் செய்கிறார். யாருக்கும் நோகாது. கதைக்கும் நோகாது, அதனால் கதையும் இல்லை.

மூன்றாவது, பஸ்ஸில் அவர் எனக்குச் சொன்னது.]

6

நடுவர் அவனிடம் போனார். வடிவு கூட்டத்தோடு நெருக்கியடித்து அருகே வந்துவிட்டிருந்தாள். மெலிந்த பையன். சட்டை முழுக்கச் சேறு. அவனைச் சுற்றி அவனுடைய ஆட்கள் நின்றார்கள். அவர்களுடைய கண்ணெல்லாம் அவனுடைய வாயில்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய எழுபத்தேழாம் வருஷக் கலவரத்தில், லயத்தை விட்டோடி, பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் படுத்துக் கிடந்தவள் வடிவு. அதற்குப் பிறகு உரத்த சிங்களக் குரல் எங்கு கேட்டாலும் அவள் கை முதலில் பிள்ளையைத் தேடும். இப்போதும் தேடியது.

பந்து உள்ளே போனதா என்று நடுவர் சிங்களத்தில் கேட்டார்.

பையன் தன் ஆட்களைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான்:

"கியா."

போனது என்றான். அவ்வளவுதான்.

(மேலே 'எங்களையும்' என்று எழுதியிருக்கிறேன். நான் அங்கே இருக்கவில்லை. திருத்த மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.)

 மலையே இடிந்ததுபோல ஒரு கூச்சல். சற்று நேரத்தில் ஆட்டம் முடிந்ததற்கான விசில். தப்பு முழங்கியது. லோரன்ஸ் மண்டியிட்டுச் சிலுவை போட்டான். அழகனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் ஒருநாளும் யாருக்கும் தோள் கொடுக்காத கங்காணிகூட அவன் காலைப் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டார். வளர்பிறை முதலாம் பிரிவுக்குப் போய்விட்டது. (போனது உண்மைதான். அடுத்த வருஷம் மிச்சமிருந்தவர்களையும் சின்னப் பையன்களையும் வைத்து ஆடி, அடி வாங்கி, கீழே வந்தார்கள். "வந்தா என்ன? போனோமுல்ல," என்றார் அம்மாள்.)

வடிவு அந்தக் கூட்டத்தோடு போகவில்லை. கம்பருகே அந்தப் பையன் தனியாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய அணித்தலைவன் அவனைத் தாண்டிப் போனான், அங்கே யாருமே இல்லை என்பதுபோல. அவள் போத்தலைத் திறந்து நீட்டினாள்.

"மல்லி," என்று, தம்பியை அவன் மொழியில் கூப்பிட்டாள். "தேத்தண்ணி. குடிங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. அந்த அரைகுறையில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியே அவனுக்கு விளங்காததுபோல இருந்தது.

"மங் தெக்கனே, அக்கே," என்றான். நான் பார்த்தேனே, அக்கா.

வடிவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோலுக்காக அல்ல. இத்தனை பெரிய மலையில், இத்தனை பெரிய பனியில், பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தான் என்பதற்காக.

7

டவுன் கிளப்பின் பஸ் ஹோர்ன் அடித்தது. பையன் வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தான். எல்லாரும் ஏறியாகிவிட்டது. வடிவு பாதையோரத்தில் நின்று பார்த்தாள். அதற்கு மேல் பனி அவளைப் பார்க்கவிடவில்லை.

அந்த பஸ்ஸுக்குள் நான் பலமுறை ஏறிப்பார்த்தேன். ஒருமுறை அவனை அடித்தார்கள். ஒருமுறை யாரும் பேசவேயில்லை. ஒருமுறை அணித்தலைவன் தன் சால்வையை எடுத்துக் கொடுத்தான். அது சினிமாபோல இருந்ததால் கிழித்துப்போட்டேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். கடைசி வாக்கியத்தைப் பாதியில் உங்களிடம் விட்டுவிடுகிறேன்:

அவன் படியில் கால் வைத்தபோது, முன்னிருக்கையில் இருந்த ஒருவன் எழுந்து